அடிஸ்கோம்பில் படித்த பையன்

2022-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனேன். லண்டன் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு, தெற்கே தள்ளி குராய்டன்ல ஒரு வீட்டு மாடியில நாலு பேர் சேர்ந்து தங்கினோம். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்க்க விசாவில் அனுமதி உண்டு. அந்த வேலைக்கு டிராமில் போவேன். போற வழியில 'அடிஸ்கோம்ப்'னு ஒரு நிறுத்தம். எட்டு மாசமா அந்தப் பேரை ஒலிபெருக்கியில கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள்கூட இறங்கினதில்லை. இறங்க ஒரு காரணமும் இல்லை.

காரணத்தைக் கொடுத்தது எங்க அப்பத்தா.

எங்களுக்குச் சின்னமனூர் பக்கம். ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ரெண்டு போகம் நெல். அந்த நிலத்தை வச்சுத்தான் அப்பா என் படிப்புக்குக் கடன் வாங்கினார். 2023 ஜூன் மாசம், முதல் போகத்துக்குத் தண்ணி திறந்த அன்னைக்கு அப்பா போன் பண்ணினார். பக்கத்துல இருந்த அப்பத்தா போனை வாங்கி, "ஏய்யா, நீ பென்னிகுக்கு ஊர்லதான இருக்க? அவரு வீட்டப் பாத்தியா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குச் சிரிப்பு. "அப்பத்தா, இங்கிலாந்து என்ன நம்ம உத்தமபாளையம் மாதிரியா"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. கம்பம் பள்ளத்தாக்குல பிறந்தவன், அதுலயும் இன்ஜினியரிங் படிச்சவன், அந்த மனுஷன் எங்க படிச்சார்னுகூடத் தெரியாம இருக்கேனேன்னு ஒரு உறுத்தல். லேப்டாப்பைத் திறந்து தேடினேன். வந்த பதிலைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துட்டேன். அடிஸ்கோம்ப்! தினமும் நான் தாண்டிப் போற அதே அடிஸ்கோம்ப்.

பென்னிகுயிக் பத்தி நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை 1887-ல் ஆரம்பிச்சு 1895-ல் முடியும். அதுக்கு முன்னாடி அவர் ஒரு மாணவர். அந்தப் பகுதியைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதப்போறேன்.

ஜான் பென்னிகுயிக் பிறந்தது இந்தியாவில், புனாவில். 1841 ஜனவரி 15. அப்பா பேரும் ஜான் பென்னிகுயிக்தான், ராணுவத்துல பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல் பஞ்சாப்ல சிலியன்வாலாங்கிற இடத்துல சீக்கியப் படையோட பெரிய சண்டை. அதில் அப்பா செத்துப்போனார். அதே படைப்பிரிவில் இருந்த அண்ணன் அலெக்ஸாண்டரும் அதே நாள்ல, அதே களத்துல செத்தார். அண்ணனுக்கு வயசு பதினேழு. நம்ம பென்னிகுயிக்குக்கு எட்டு வயசு நிறைய ரெண்டு நாள் பாக்கி.

ஒவ்வொரு வருஷமும் தைப்பொங்கலை ஒட்டி அவர் பிறந்தநாளுக்கு நாம பொங்கல் வைக்கிறோம். பாலார்பட்டிக்காரங்க மேளதாளத்தோட கொண்டாடுறாங்க. அந்தப் பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி வர்றது அவங்க வீட்டு துக்க நாள். இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

முதல்ல செல்டன்ஹாம் கல்லூரிங்கிற பள்ளியில படிச்சார். அந்தப் பள்ளி தொடங்கினதும் 1841-ல்தான். அப்புறம் 1857-ல் அடிஸ்கோம்ப். அங்க இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியோட ராணுவப் பயிற்சிப் பள்ளி. 1809-ல் தொடங்கினது. இந்தியாவுக்கு அனுப்புறதுக்கு அதிகாரிகளைத் தயார் பண்றதுதான் அதோட ஒரே வேலை. பதினாலு வயசுக்கு மேல சேர்த்துக்குவாங்க, சுமார் ரெண்டு வருஷப் படிப்பு. கணக்கு, கோட்டை கட்டும் கலை, நில அளவை, வரைபடம், கூடவே இந்துஸ்தானி. ஆரம்ப காலத்துல இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்தவங்கள்ல லக்னோவைச் சேர்ந்த மீர் ஹசன் அலியும் ஒருத்தர். மதராஸுக்கு வந்து இறங்கின பசங்களுக்கு அந்த இந்துஸ்தானி எவ்வளவு உதவியிருக்கும்னு நினைச்சா சிரிப்புதான் வருது. :)

கடைசித் தேர்வுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். முதல் சில இடங்கள்ல வர்றவங்களுக்கு இன்ஜினியர்ஸ். அடுத்த வரிசைக்குப் பீரங்கிப்படை. மிச்சப் பேருக்குக் காலாட்படை. நம்ம கவுன்சிலிங் கட்-ஆஃப் மாதிரியேதான். பென்னிகுயிக்குக்கு மதராஸ் இன்ஜினியர்ஸ் கிடைச்சது, 1858-ல். அவருக்கு நாப்பது வருஷம் முன்னாடி இதே பள்ளியில படிச்சு இதே மதராஸ் இன்ஜினியர்ஸுக்கு வந்தவர்தான் கல்லணையையும் கொள்ளிடத்தையும் ஆராய்ந்து, கோதாவரிக்கு அணை கட்டின ஆர்தர் காட்டன். கங்கைக் கால்வாய் வெட்டின காட்லியும் இங்க படிச்சவர்தான். நம்ம நாட்டு நீர்ப்பாசன வரலாற்றுல பாதி அந்த ஒரு டிராம் நிறுத்தத்துக்குள்ள இருக்கு.

அவர் படிச்ச காலத்தையும் கவனிக்கணும். 1857-ல் சேர்றார், இந்தியாவுல பெரும் கிளர்ச்சி வெடிக்குது. 1858-ல் வெளியே வர்றார், கம்பெனி ஆட்சியே முடிஞ்சு ராணியோட ஆட்சி வந்துருச்சு. 1860-ல் இந்தியா வர்றார். 1861-ல் அந்தப் பள்ளியையே மூடிட்டாங்க. கம்பெனிக்கு வேலை பார்க்கப் படிச்சவர் வெளியே வரும்போது கம்பெனி இல்லை. கேம்பஸ்ல எடுத்த கம்பெனி நாம சேர்றதுக்குள்ள இழுத்து மூடின அனுபவம் உள்ளவங்களுக்கு இந்த நிலைமை புரியும்.

ஒரு ஞாயித்துக்கிழமை அடிஸ்கோம்ப்ல இறங்கினேன். பள்ளி இருந்த மாளிகை இல்லை. இடிச்சுட்டு மனை போட்டு வித்துட்டாங்க. அந்த இடத்துல இப்ப தெருக்கள்: கேனிங் ரோடு, அவுட்ரம் ரோடு, ஹேவ்லாக் ரோடு, எல்ஜின் ரோடு, கிளைட் ரோடு. பேரைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேர் 1857 கிளர்ச்சியை அடக்கினவங்க. ஹேவ்லாக் ரோட்டுல பழைய உடற்பயிற்சிக் கூடம் மட்டும் குடியிருப்பா மாறி நிக்குது. அதுக்கு எதிர்ல நின்னேன். பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் இங்க ஓடியாடியிருப்பான், அவன் போட்ட கணக்குலதான் நான் இங்க வந்து நிக்கிறேன்னு தோணுச்சு.

என்ன கணக்கு அது? மேற்குத் தொடர்ச்சி மலையில மழை கொட்டுற பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடல்ல சேருது. மலைக்கு இந்தப் பக்கம் மதுரை, ராமநாதபுரம் காயுது. ஆத்தைத் திருப்பினா என்னங்கிற யோசனை வெள்ளைக்காரனோடது இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்பப் பிள்ளை அதை யோசிச்சு, செலவு கட்டுபடியாகாம விட்டுட்டார். 1808-ல் கால்டுவெல்னு ஒரு கேப்டன் அளந்து பார்த்துட்டு, இது வெறும் பகல்கனவுன்னு எழுதி வச்சுட்டுப் போனார். 1876-78 பெரும் பஞ்சத்துல ஜனங்க கொத்துக் கொத்தாச் செத்த பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுருக்குன்னு உறைச்சது. 1882-ல் திட்டத்தைத் திருத்திப் போடும் வேலை பென்னிகுயிக்கிட்ட வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கர்.

ஆத்தை மறிச்சு 176 அடி உயரத்துக்குச் சுண்ணாம்பு, சுர்க்கி, கல் வச்சு அணை. தேங்கின தண்ணியைக் கிழக்கே திருப்ப, மலையைக் குடைஞ்சு ஒரு மைலுக்கு மேல சுரங்கம். அந்தப் பக்கம் இருந்து தண்ணி தன் எடையிலேயே கம்பம் பள்ளத்தாக்குல இறங்கிடும். 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் தேக்கடியில திறந்து வச்சார். அதுக்கு நடுவுல வெள்ளம், யானை, மலேரியா, காலரா. நோயில மட்டும் 480-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அணைக்குப் பக்கத்துலயே புதைச்சாங்க.

இங்க ஒரு சங்கடமான விஷயம் சொல்லியாகணும். அரசாங்கம் கைவிட்டதும் பென்னிகுயிக் தன் சொத்தையும் மனைவி நகையையும் வித்து அணையை முடிச்சார்னு ஊர்ல எல்லாரும் சொல்வோம். நானும் கல்லூரியில நண்பர்கள்கிட்ட அடிச்சு விட்டிருக்கேன். இதுக்கு ஆவணச் சான்று இல்லைன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அணை மதராஸ் அரசாங்கத்தோட பணத்துல கட்டினது. வரி வருமானம் எவ்வளவு திரும்ப வரும்னு கணக்குப் பார்த்துத்தான் கட்டினாங்க. இதை எழுதினா ஊர்ல அடி விழுமோன்னு பயமா இருக்கு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நகையை வித்த கதை இல்லாட்டி அவர் குறைஞ்சுபோவாரா? மலேரியாக் காட்டுல வருஷக்கணக்குல நின்னு, முடியாதுன்னு எழுதிவச்ச வேலையை முடிச்சுக் காட்டினது போதாதா? நகைக் கதையிலேயே நாம நின்னுட்டதால, காட்டுல செத்த அந்தக் கூலி ஆட்களைப் பத்தி ஒரு கதைகூட நம்மகிட்ட இல்லை. என் மனசை அறுக்கிறது அதுதான். அவங்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைங்கதானே.

அணை முடிஞ்ச பிறகு அவர் மறுபடி கல்விக்கூடத்துக்கே போனார். 1896 முதல் 1899 வரை, கூப்பர்ஸ் ஹில்ல இருந்த ராயல் இந்தியன் இன்ஜினியரிங் காலேஜுக்குத் தலைவர். இந்தியாவுல வேலை பார்க்கப்போற இன்ஜினியர்களை இங்கிலாந்துல உருவாக்குற கல்லூரி. பேர்ல இந்தியன் உண்டே தவிர, இந்தியர்களுக்குக் கிடைச்ச இடம் ரொம்பக் கொஞ்சம். மதராஸ்ல சர்வே பள்ளி 1794-லேயே வந்தாச்சு. இருந்தும் மேல் பதவிக்கு ஆள் கப்பல்லதான் வந்தாங்க. அந்தக் கதவுல நின்னு பார்க்கும்போது, விசா வாங்கி, கடன் வாங்கி நான் அங்க போய்ப் படிச்சதை எப்படி எடுத்துக்கிறதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை.

1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில காலமானார். கல்லறை பக்கத்துல ஃபிரிம்லியில, புனித பீட்டர் தேவாலயத்துல. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரயில் பிடிச்சுப் போய்ப் பார்த்தேன். 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு கேம்பர்லியில வச்ச சிலையையும் பார்த்தேன். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பத்தா போனை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சாம்.

அடுத்த ஜனவரியில ஊர்ல இருந்தேன். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போனேன். "அவரு படிச்ச பள்ளிக்கூடம் எப்படிய்யா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. இடிச்சு வீடு கட்டிட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "படிப்பு இங்கதான கெடக்கு"ன்னு ஆத்தைக் காட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுருச்சு.

152, 136, 142ன்னு அடிக்கணக்கை மனப்பாடம் பண்ணி வளர்ந்தவங்க நாம. 142 அடிக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி கொடுத்தப்போ ஊரே வெடி போட்டது. அந்தத் தண்ணியில 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. அதுல ஒன்றரை ஏக்கர் என்னைப் படிக்க வச்சுது. நான் படிச்ச படிப்பு இப்ப சென்னையில ஒரு ஆபீஸ்ல ஏசிக்குக் கீழ உக்கார்ந்து கோடு எழுதுது. கடன் பாதி அடைஞ்சிருக்கு. மீதிக்கணக்கை எப்படி அடைக்கிறதுன்னுதான் தெரியலை.

குராய்டன் பக்கம் யாராவது படிக்கப் போனீங்கன்னா, அடிஸ்கோம்ப் நிறுத்தத்துல ஒரு தடவை இறங்குங்க. ஹேவ்லாக் ரோடு, நடக்கிற தூரம்தான். பார்க்கப் பெருசா ஒண்ணுமில்லை. ஆனாலும் இறங்குங்க.