சதுப்புக் கரையின் கிழங்குக் கொடி

கனடாவின் கியூபெக் தொடங்கி அமெரிக்காவின் புளோரிடா வரை, ஓடைக்கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் புதர்களைச் சுற்றி ஏறும் கொடி ஒன்று உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் அறிவியல் பெயர் ஏபியோஸ் அமெரிக்கானா. அங்கே ‘கிரவுண்ட்நட்’ என்பார்கள். பெயர் ஒன்றானாலும் நம் நிலக்கடலை வேறு. கோடை முதிரும்போது அரக்குச் சிவப்பில் மணமுள்ள பூங்கொத்துகள் விடும். பனிக்காலத்தில் கொடி மடிந்துபோனாலும், ஈரமண்ணுக்குள் கயிற்றில் கோத்த மணிகளாய்க் கிழங்குகள் உயிரோடிருக்கும். உருளைக்கிழங்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் கொண்டவை அவை.

அந்நிலத்தின் தொல்குடிகளுக்கு இது அன்றாட உணவு. 1620இல் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும் பஞ்ச நாள்களில் இதைத் தோண்டித் தின்றே உயிர் தரித்தார்கள். அடுத்து நடந்ததை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. 1654இல் லாங் ஐலண்டின் சவுதாம்ப்டன் ஊரார் ஒரு சட்டம் இயற்றினார்கள்: ஆங்கிலேயர் நிலத்தில் இக்கிழங்கைத் தோண்டும் தொல்குடியினரைத் தொழுமரத்தில் மாட்ட வேண்டும், மீண்டும் தோண்டினால் சவுக்கடி. வழிவழியாகத் தோண்டி உண்டவர்கள் ஒரே சட்டத்தில் திருடர்களானார்கள்.

தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் பீட்டர் கால்ம் 1740களின் இறுதியில் அங்கே பயணம் செய்தபோது, ‘ஹோப்னிஸ்’ என்ற தொல்குடிப் பெயரோடு இதைக் குறித்துவைத்தார். நாகரிகம் அமெரிக்காவில் தோன்றியிருந்தால் மனிதர் முதலில் பண்படுத்தும் கிழங்கு இதுவாகவே இருந்திருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தாவரவியலாளர் ஏசா கிரேயின் கருத்து. பெரியவர்தான், ஆனால் அக்கருத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அங்கே நாகரிகம் இல்லாமலா மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பண்பட்டன?

வயலுக்கு இக்கொடி எளிதில் இணங்காததற்குக் காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. கிழங்கு பருக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். கொடிக்குப் பந்தல் வேண்டும். கிழங்குகள் ஓரிடத்தில் திரளாமல் மண்ணுக்குள் நெடுக ஓடும். போதாக்குறைக்கு, வடபகுதிச் செடிகள் பல மும்மடியத்தன்மை உடையவை, அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை. அவை முளைக்கும் விதை தருவதில்லை, கிழங்கால் மட்டுமே பெருகும். 1980களில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாக்மன், ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெரிய கிழங்கு தரும் வகைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஆவோமோரி உழவர்கள் இதைப் பயிராகவே விளைவிக்கிறார்கள்.

இக்கொடியின் வரலாற்றை லின்னேயஸ் பெயரிட்ட 1753லிருந்து தொடங்கினால் போதாது. சதுப்பில் இறங்கித் தோண்டிய தொல்குடிகளிலிருந்தே அவ்வரலாறு தொடங்க வேண்டும்.