பாலுட் பால்: கலப்பறியும் நீர்ப்பாயச் சோதனையின் வரலாறு

பாலிற் கலப்படம் என்றதும் நீரே நம் நினைவுக்கு வருகின்றது. நீர் கலந்தவனைப் பால்மானி ஓரளவு காட்டிக்கொடுக்கும். பாலிற் பாலையே கலப்பவனை அது காட்டிக்கொடுப்பதில்லை. செம்மறிப் பாலில் ஐந்திலொரு பங்கு பசும்பால் சேர்க்கப்படுமிடத்து அடர்த்தி, நிறம், சுவை ஆகிய எவற்றைக் கொண்டும் ஐயந்திரிபறக் கூறுதல் அரிது. செம்மறி ஆண்டிற் சில திங்களே கறப்பது, அளவும் சிறிது. பசுவோ ஆண்டு முழுவதும் மலிவாகக் கறப்பது. கலப்புக்குரிய தூண்டுதல் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது. இதனைக் கண்டறியும் வழியை முதலிற் காட்டியது பாற்பண்ணை அன்று. நோய்க் கிருமிகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வுகூடமே.

1897இல் வியன்னாவில் றூடோல்வ் கிறவுஸ் என்பார், கிருமி வளர்ந்த நீர்மத்தை வடித்து, அக்கிருமிக்கு எதிராக ஆக்கப்பட்ட நீர்ப்பாயத்துடன் கலந்தபோது வீழ்படிவு தோன்றக் கண்டார். வீழ்படிவு கிருமிக்கு மட்டும் உரியதன்று என்பதை 1899இல் பாரிசிலுள்ள பாஸ்தர் நிறுவனத்தில் யூல் போர்தே நிறுவினார். அவர் முயலுக்குப் பாலை ஊசிமூலம் ஏற்றினார். சில காலத்தின் பின் அம்முயலின் நீர்ப்பாயம், அதே இனப் பாலிலுள்ள கேசீனை வீழ்படியச் செய்தது. தீங்கற்ற உணவுப் புரதத்துக்கும் உடல் பிறபொருளெதிரியை ஆக்கும் என்பது இதனாற் பெறப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே வாசர்மன், ஷூற்சே ஆகியோர் இந்நீர்ப்பாயங்களைக் கொண்டு பசும்பால், ஆட்டுப்பால், தாய்ப்பால் என்பவற்றை வேறுபிரித்துக் காட்டினர்.

1901இல் ஊலன்கூத் இதே நெறியைக் குருதிக் கறைக்குப் பயன்படுத்தினார். அவ்வாண்டு ஜேர்மனியின் றூகன் தீவில் நிகழ்ந்த சிறுவர் கொலையொன்றில், சந்தேகிக்கப்பட்டவனின் ஆடையிலிருந்த கறைகளுள் சில மனிதக் குருதி, சில செம்மறிக் குருதி என அவர் சான்று பகர்ந்தார். குற்றவியல் நூல்கள் இதனை விரித்துரைப்பன. பாற்சோதனை அதற்கு முந்தியது என்பதை அவற்றுட் பல கூறாமலே செல்கின்றன. கொலை வழக்கின் முன் பாற்குடம் யார் கண்ணிற் படும்?

ஆயினும் சோதனைக்குள் ஓர் இடர் மறைந்திருந்தது. கேம்பிறிட்ஜில் நட்டல் 1904இல் வெளியிட்ட பெருநூல், ஏறத்தாழ 16,000 சோதனைகளின் வழியே, உறவால் நெருங்கிய விலங்குகளின் குருதி ஒன்றற்குரிய நீர்ப்பாயத்துடன் மற்றதும் வினைப்படும் என்பதைக் காட்டிற்று. உயிரினங்களின் உறவை அறிய விழைந்தவருக்கு அது பெரும்பேறு. பாலைச் சோதிப்பவருக்கோ பெருந்தொல்லை. பசு, எருமை, செம்மறி, வெள்ளாடு யாவும் ஒரே குடும்பத்தன. பசும்பாலுக்கு எதிரான முயல் நீர்ப்பாயம் தூய ஆட்டுப்பாலையும் குற்றஞ்சாட்டிவிடக்கூடும். இதற்கு இரு பரிகாரங்கள் காணப்பட்டன. ஒன்று, நீர்ப்பாயத்தை முதலில் ஆட்டுப்பாலுடன் கலந்து, பொதுவான பிறபொருளெதிரிகளைப் பிணித்து நீக்கி, எஞ்சியதைப் பயன்படுத்தல். மற்றது இதனினும் நுட்பமானது. முயலை விடுத்து ஆட்டுக்கே பசுவின் புரதத்தை ஏற்றினால், தன் புரதத்தை ஒத்த பகுதிகளுக்கு ஆடு எதிரி ஆக்காது. பசுவுக்கே சிறப்பாக உரிய பகுதிகளுக்கு மட்டும் ஆக்கும்.

இந்தியாவிற் சிக்கல் தலைகீழாக அமைந்தது. அங்கு எருமைப்பால் கொழுப்பு மிக்கது. பசும்பாலுக்குச் சட்டம் விதித்த கொழுப்பளவு குறைந்தது. 7 வீதக் கொழுப்புள்ள எருமைப்பால் இரு பங்குடன் ஒரு பங்கு நீர் சேர்த்தாலும் 4.7 வீதக் கொழுப்பு நிற்கும். ஏனைய திண்மங்களின் குறையைக் கொழுப்பு நீக்கிய பாற்றூளால் நிரப்பிவிட்டால், அது ‘பசும்பால்’ ஆகிவிடும். இதற்கு விடையாக வழங்கியது ஹன்சா சோதனை. எருமைப்பாற் புரதம் ஏற்றப்பட்ட முயலின் நீர்ப்பாயத்தில் ஒரு துளியை, பத்து மடங்காக ஐதாக்கிய பாலின் ஒரு துளியுடன் கண்ணாடித் தகட்டிற் கலப்பர். எருமைப்பால் இருப்பின் அரை நிமிடத்துள் திரிதல் தோன்றும். பெயரைக் கேட்கும் தமிழருக்கு நீரொழியப் பாலுண்ணும் அன்னம் நினைவுக்கு வருதல் இயல்பே. எனினும் அவ்வன்னத்தின் பணியினும் கடினமானது இது.

ஐரோப்பாவில் இச்சோதனைக்கு வலுவூட்டியவை பெயருரிமைச் சட்டங்கள். றொக்போர்ப் பாற்கட்டி செம்மறிப் பாலாலேயே ஆகவேண்டும் என்பதற்குப் பிரான்சு 1925இலேயே சட்டமியற்றிற்று. இத்தாலியின் கம்பானியப் பகுதி எருமைப்பால் மொசரெல்லா 1996இல் ஐரோப்பியப் பாதுகாப்புப் பெற்றது. கிரேக்கத்தின் பெற்றா 2002இல் மீளப் பதியப்பட்டது. அதிற் செம்மறிப் பாலுடன் 30 வீதம்வரை வெள்ளாட்டுப்பால் சேரலாம், பசும்பால் சேரலாகாது. வேறிடத்து விலங்கின் மலிந்த பால் புகுமாயின், மலைச்சரிவில் மந்தை மேய்ப்பவன் தன் பாலுக்குரிய விலையை இழப்பான்.

கருவியும் இதற்கிடையிற் கூர்மையடைந்திருந்தது. 1971இல் சுவீடனில் எங்வால், பேர்ள்மன் ஆகியோரும், அதேவேளை நெதர்லாந்தில் வேறிருவரும், பிறபொருளெதிரியுடன் நொதியத்தைப் பிணைத்து நிறமாற்றத்தால் அளவிடும் முறையை அமைத்தனர். 1975இல் கோலர், மில்ஸ்ரீன் என்போர் ஒரே கலத்தின் வழித்தோன்றல்களிலிருந்து ஒரே தன்மையான பிறபொருளெதிரியைப் பெறும் வழி கண்டனர். முயலுக்கு முயல் வேறுபடும் நீர்ப்பாயத்தை நம்பியிருந்த நிலை இதனால் மாறிற்று. பசுவின் பீற்றா இலக்ரோகுளோபுலின் என்னும் மோர்ப் புரதத்தைப் பற்றும் இத்தகைய எதிரிகளைக் கொண்ட சோதனை 1994இற் பிரான்சில் வெளிவந்தது.

மோர்ப் புரதம் வெப்பத்தால் உருக்குலைவது என்பதே இங்கு எஞ்சிய குறை. மிகக் காய்ச்சிய பாலையோ பாற்றூளையோ கலப்பவன் இச்சோதனைக்குத் தப்பிவிடலாம். கேசீன் வெப்பத்தைத் தாங்கும். ஆனாற் பாற்கட்டி முதிரும்போது சிதையும். ஐரோப்பியச் சமூகம் 1996இல் அதிகாரபூர்வ முறையை விதித்தபோது பிறபொருளெதிரியைத் தெரிந்தெடுக்கவில்லை. அச்சிதைவையே துணையாக்கி, பிளாஸ்மின் என்னும் நொதியத்தாற் கேசீனை வேண்டுமென்றே பிளந்து, கிடைக்கும் காமாக் கேசீன்களை மின்புலத்திற் பிரித்துக் காணும் முறையை ஏற்றது. இம்முடிவு, நூறாண்டுக்கால நீர்ப்பாயச் சோதனைக்கு நேர்ந்த தோல்வி என்பது என் கருத்தன்று. விரைவும் மலிவும் வேண்டப்படும் பாற்பண்ணை வாயிலில் பிறபொருளெதிரித் தாள்கீற்றே நிலைத்தது. வழக்குக்குரிய மாதிரி மட்டும் மின்புலத்துக்குச் செல்லும். அங்கே அது, பசும்பால் அறவே இல்லாத ஒன்றும் 1 வீதம் கலந்த ஒன்றுமாகிய இரு மாதிரிகளின் அருகே வைத்து ஒப்புநோக்கப்படுகின்றது.