‘கோ’ என்பதன் இறந்தகாலம் ‘வென்ட்’ ஆனது எவ்வாறு?

ஆங்கிலம் பயிலப் புகும் தமிழ் மாணவனை மலைக்க வைப்பது அம்மொழியின் எழுத்தன்று, வினைச்சொல்லே ஆகும். ‘வாக்’ என்பதன் இறந்தகாலம் ‘வாக்ட்’ எனக் கற்றவன், ‘கோ’ என்பதற்கு ‘கோட்’ என வருதல் வேண்டும் எனத் துணிவது இயல்பு. ஆசிரியரோ ‘வென்ட்’ என்கிறார். ஏன் என வினவினால், ‘மனப்பாடம் செய்’ என்பதே விடை. நம் முன்னோருள் பல தலைமுறையினர் இவ்வொரு விடையையே பெற்று, மும்மூன்று வடிவாக அமைந்த வினைப் பட்டியலை உருப்போட்டுத் தேறினர். தேறாதவர் மந்தர் எனப்பட்டனர். அப்பட்டியலுக்குப் பின்னே நெடியதொரு வரலாறு கிடப்பதை எடுத்துரைத்தார் மிகச் சிலரே.

‘வென்ட்’ என்பது ‘கோ’ என்னும் சொல்லுக்கு உரியதே அன்று. வழி திரும்பிச் செல்லுதலைக் குறித்த வேறொரு வினையின் இறந்தகால வடிவம் அது. ‘கோ’ தனக்கென வைத்திருந்த பழைய வடிவம் வழக்கொழியவே, 15ஆம் நூற்றாண்டளவில் இவ்வயலார் வீட்டுப் பிள்ளை அவ்விடத்தில் நிலைபெற்றுவிட்டது. ‘ஆம்’, ‘வாஸ்’, ‘பீ’ என ஒரே வினையின் வடிவங்களாக நாம் கற்பனவும் மூன்று வேறு வேர்களிலிருந்து வந்து ஒரு குடும்பமானவையே.

‘சிங், சாங், சங்’ என்பதன் கதை வேறு. உயிரெழுத்தை மாற்றிக் காலங்காட்டுதல் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் தொன்மையான முறை. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் ஏழு வகுப்பாக அமைந்து ஒழுங்குற நடந்தன. ஈற்றில் டகர ஒலி சேர்த்து இறந்தகாலம் காட்டும் முறையே பிற்காலத்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னர் அம்மொழியிற் குடியேறிய பிரெஞ்சு வினைகள் பெரும்பாலும் இப்புது முறையையே மேற்கொண்டன; புதியது பெருகப் பழையது சுருங்கிற்று. ஆகவே, விதிவிலக்கு என நாம் கற்பவற்றுட் பல ஒருகாலத்து விதியே ஆகும். ‘ஹெல்ப்’ என்னும் வினைகூட அன்று உயிர் மாறியே நின்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ‘ஹோல்ப்பன்’ என்னும் வடிவத்தைக் காணலாம். 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணக்கொன்று சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கு பிறழ்ந்து நின்றனவாக அவர்கள் எடுத்துக்கொண்ட வினைகள் 177. அவற்றுள் இன்றும் அவ்வாறே நிற்பவை 98. நூறு மடங்கு அருகி வழங்கும் வினை, பத்து மடங்கு விரைவாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறதாம். நாவில் நாள்தோறும் புரளும் சொல்லே பழமையைக் காத்து நிற்கிறது.

இது நமக்குப் புதிதன்று. வா, தா, காண், சா என்பன வந்தான், தந்தான், கண்டான், செத்தான் என ஆகுங்கால் பகுதி எவ்வளவு திரிகிறது! இவையும் அன்றாடம் வழங்குவனவே. தாய்மொழி ஆதலின் நமக்கு இத்திரிபு தோன்றுவதில்லை; தமிழ் பயிலும் அயலாரைக் கேட்டால் தெரியும்.

தமிழ் மாணவனை ஆழமாக இடறச் செய்வது வினாத் தொடரே என்பது நம் கருத்து. ‘வந்தாய்’ என்பதன் இறுதியில் ஆகாரம் ஒன்றைச் சேர்த்தால் ‘வந்தாயா’ என வினா முற்றுப்பெறுகிறது, காலத்தில் மாற்றமில்லை. ஆங்கிலத்திலோ ‘டூ’ என்னும் துணைவினை முன்வந்து இறந்தகாலத்தைத் தான் ஏற்று ‘டிட்’ ஆகிவிட, முதல்வினை வெறும் ‘கம்’ ஆக நிற்கிறது. இறந்தகாலத்தை விட மனமில்லாத நம் மாணவன் ‘டிட் யூ கேம்?’ என்கிறான். இத்துணைவினையும் ஆதியில் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் அது பரவியது; ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ‘டூ’ உள்ள வினாவும் இல்லாத வினாவும் அருகருகே நிற்கின்றன.

இத்தனை மாற்றங்களுக்கிடையே இலக்கண நூலார் செய்தது யாது? 1586இல் வில்லியம் புல்லோகர் முதல் ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் நூலொன்றை அடியொற்றியே யாத்தார். வீரசோழியம் வடமொழி நெறியைத் தமிழுக்கு உரைத்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1653இல் ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர், எதிர்காலத்துக்குத் தன்மையில் ‘ஷல்’ என்றும் ஏனை இடங்களில் ‘வில்’ என்றும் வருதல் வேண்டுமென வகுத்தார். தருதல், வருதல் என்பன தன்மை முன்னிலைக்கு உரியன, செல்லுதல், கொடுத்தல் என்பன படர்க்கைக்கு உரியன என்ற தொல்காப்பியர் வரையறை போன்றது இது. இவ்வகை விதிகளையெல்லாம் திரட்டி 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட நூல், யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கென எழுதப்பட்டது.

கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது அந்த இலக்கணம். 1835இல் மெக்காலேயின் குறிப்பு; 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள்; ஆங்கிலத்தில் தேறாதார்க்கு மேற்படிப்பில்லை என்னும் நிலை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த இராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் அதனை இழந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிறவற்றைப் புறக்கணித்ததே காரணம் எனினும், உலகறிந்த மேதைக்கும் ஆங்கிலமே வாயிற்காவலாய் நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், அதனை அடுத்து ரென், மார்ட்டின் இருவரின் நூலும் வீடுதோறும் புகுந்தன. பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றிய ரென், பாலைவனப் போர்வீரர் கதையான ‘போ ஜெஸ்ட்’ நாவலின் ஆசிரியரும் ஆவார் என்பது பலர் அறியாதது.

‘ஷல்’, ‘வில்’ விதியை இந்நூல்கள் வற்புறுத்தின. நம் மாணவர் நடுக்கத்தோடு அதனைக் கற்றனர். தென்னிங்கிலாந்தின் கற்றோர் வழக்கே அதற்கு அடிப்படை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் அதனைத் தம் பேச்சில் என்றும் பின்பற்றியவர் அல்லர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர் உள்ளிட்டு, அந்நாளில் தமிழகத்தில் ஆங்கிலம் கற்பித்த பாதிரிமாருட் பலர் ஸ்காட்லாந்தினரே.