உறையும் காணொளியும்: ராக் இசைத்தட்டு வடிவமைப்பில் ஒரு வளர்ச்சி (1974–2019)

இசைத்தட்டின் உறைக்குப் படம் வரையும் வழக்கத்தை 1940 வாக்கில் கொலம்பியா நிறுவனத்தில் பரவச் செய்தவர் அலெக்ஸ் ஸ்டெயின்வைஸ். இசைக்காணொளி பெருகியது வெகு காலம் கழித்துத்தான். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகத் தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி இசைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பிறகே என்று கொள்வது எளிது. சான்றுகள் அதற்கும் முன்னால் செல்கின்றன.

குயின் குழுவின் ‘குயின் II’ தொகுப்பு 1974இல் வந்தது; அதன் உறையைப் பார்க்கலாம். மிக் ராக் எடுத்த புகைப்படம் அது. கரிய பின்னணியில் நான்கு முகங்கள். மேலிருந்து விழும் ஒளி. பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் கைகள் மார்பின்மேல் குறுக்காக. நடிகை மார்லின் டீட்ரிச்சின் பழைய திரைப்பட நிழற்படம் ஒன்றே அதற்குத் தூண்டுதல். மறு ஆண்டு புரூஸ் கவர்ஸ் இயக்கிய ‘பொஹீமியன் ராப்சடி’ காணொளி அதே முகங்களை அதே அமைப்பில் நிறுத்தியது. ஆனால் அப்பாடல் இடம்பெற்ற ‘எ நைட் அட் தி ஆப்பரா’ தொகுப்பின் உறையில் இருந்தது வெள்ளைப் பின்னணியில் ஒரு சின்னம் மட்டுமே. காணொளி பொருந்தியது தன் உறையோடு அன்று, முந்தைய தொகுப்பு ஒன்றின் உறையோடு. படத்தை எடுத்தாளும் எண்ணம் அப்போதே இருந்தது. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடும் வழக்கம் உருவாகவில்லை.

அந்தத் திட்டம் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘தி வால்’ (1979) தொகுப்பில் தெளிவாகத் தெரிகிறது. வெளிப்புறம் வெறும் வெள்ளைச் செங்கல் சுவர். உறையை விரித்தால் உள்ளே ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த கோர உருவங்கள். பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வரைந்து பேர்பெற்றவர் அவர். அவர் வரைந்த கொடூர ஆசிரியர் உருவம் தொகுப்பின் பாடல் ஒன்றின் காணொளியிலும் அசைந்தது. அத்தொகுப்பை வைத்து 1982இல் ஆலன் பார்க்கர் இயக்கிய திரைப்படத்திலும் வந்தது. உறை, காணொளி, திரைப்படம் மூன்றிலும் கோடு ஒருவருடையது. பொருத்தம் பிறப்பது இங்குதான் என்பது என் கருத்து: ஒன்றின் காட்சியை இன்னொன்றில் ஒட்டுவதால் அன்று, ஒரே கலைஞர் இரண்டையும் ஆள்வதால்.

1980களில் குறுந்தகடு பரவியபோது முப்பது சென்டிமீட்டர் உறை பன்னிரண்டாகச் சுருங்கியது. ஓவியர்களுக்கு அது பேரிழப்பு. அதை வேறு வழியில் ஈடுசெய்தவர்களில் முதன்மையானவராக அமெரிக்காவின் ‘டூல்’ குழுவின் கிதார் கலைஞர் ஆடம் ஜோன்ஸைச் சொல்வேன். ஹாலிவுட்டில் ஒப்பனை, சிறப்புக் காட்சித் துறையில் பணிபுரிந்தவர் அவர். ‘சோபர்’ (1993) காணொளியில் தட்டுத்தடுமாறி நடக்கும் பொம்மை, ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் உருவானது. அதன் வடிவமைப்பு அவருடையது. பின்வந்த காணொளிகள் பலவற்றை அவரே இயக்கினார்.

அந்தக் கைப்பழக்கம் குழுவின் உறைகளுக்கும் வந்தது. ‘ஈனிமா’ (1996) பெட்டியைச் சாய்த்தால் படம் மாறும். நெளிவரி நெகிழித் தகட்டின் வேலை அது. ‘லேட்டராலஸ்’ (2001) தொகுப்பின் ஒளி ஊடுருவும் தாள்களைப் புரட்டப் புரட்ட மனித உடல் அடுக்கடுக்காகக் கழன்று உள்ளுறுப்புகள் தெரியும். அவற்றை வரைந்த அலெக்ஸ் கிரேயின் ஓவியங்களே ‘பாரபோலா’ காணொளியிலும் உயிர்பெற்றன. ‘10,000 டேஸ்’ (2006) உறையிலேயே இரண்டு லென்சுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ணருகே பிடித்தால் உள்ளிருக்கும் இரட்டைப் படங்கள் ஒன்றாகி ஆழம் கொள்ளும். இயற்பியலாளர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கிய ஸ்டீரியோஸ்கோப் தத்துவந்தான். சிறந்த உறை வடிவமைப்புக்கான கிராமி விருது 2007இல் இதற்குக் கிடைத்தது.

‘ஃபியர் இனாக்குலம்’ (2019) இன்னும் ஒரு படி போய், நான்கு அங்குலத் திரையையும் ஒலிபெருக்கியையும் பெட்டிக்குள்ளேயே வைத்தது. திறந்தால் காணொளி ஓடும். உறைக்கும் காணொளிக்கும் இடையிலிருந்த தூரம் அத்தோடு இல்லாமல் போயிற்று. ஆயினும் இந்த வரிசையில் உயர்ந்த சாதனையாக நான் மதிப்பது 2006இன் லென்சு உறையையே. திரை தானாக ஓடிவிடுகிறது. லென்சோ, கேட்பவர் உறையைக் கையிலெடுத்துப் பக்கத்தைச் சரியான தூரத்தில் பிடிக்கும்வரை எதையும் காட்டுவதில்லை.