தெய்வ சிட்சை: சித்தூர், திருப்பதி வட்டாரக் கிறிஸ்தவ மரபில்

தெய்வ சிட்சை என்பது, கடவுள் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டவர்களைத் துன்பத்தின் வழியாகத் திருத்துகிறார் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. அதன் வேர் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் அதை விரித்துரைக்கிறது. அந்த நிருபத்தைப் பெற்றவர்கள் விசுவாசத்துக்காக அவமானமும் சொத்திழப்பும் கண்டவர்கள். தங்கள் பாடுகளைத் தகப்பனின் கண்டிப்பாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளும்படி ஆசிரியர் அவர்களைத் தேற்றுகிறார். ஆறுதலாகப் பிறந்த இந்தப் போதனை பிற்காலத்தில் ஒரு வழக்காக மாறியது. பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் அதற்குத் தண்டனை மீதமிருக்குமா என்பதே வழக்கு. ஐரோப்பாவைப் பிளந்த அந்தக் கேள்விக்கு மூன்று மிஷன்கள் மூன்று விடைகளைக் கொண்டுவந்து இறக்கிய நிலம் சித்தூர், திருப்பதி வட்டாரம்.

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் ஆகிய இரு தரப்பும் எடுத்துக்காட்டியது ஒரே கதையைத்தான். தாவீது பத்சேபாளோடு பாவம் செய்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகடித்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து உணர்த்தியபோது பாவத்தை ஒப்புக்கொண்டான்; மன்னிப்பும் உடனே அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பிறந்த குழந்தை இறந்துபோனது. 1551இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் இதிலிருந்து கண்ட முடிவு இது: குற்றமும் நித்திய தண்டனையும் நீங்கினாலும் தற்காலிகத் தண்டனை எப்போதும் கூடவே நீங்கிவிடுவதில்லை. மறுபுறம், ஜான் கால்வின் தம் ‘கிறிஸ்தவ சமய நிறுவனங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் கடவுளின் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, நீதிபதியாகப் பகைவர்மேல் வரும் பழிதீர்ப்பு. மற்றொன்று, தகப்பனாகப் பிள்ளைகள்மேல் வரும் சிட்சை. தாவீதுக்கு நேர்ந்தது இரண்டாவது என்றார் அவர். அதில் கடன் தீர்ப்பது ஏதுமில்லை. இனிமேல் நடக்க வேண்டிய வழியைக் கற்பிப்பதே அதன் நோக்கம்.

இவற்றுள் கத்தோலிக்க விடையே இங்கு முதலில் வந்தது. பிரெஞ்சு சேசு சபையாரின் கர்நாடக மிஷன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புங்கனூரில் ஒரு நிலையம் அமைத்தது. அங்கே பணியாற்றிய முதல் குருக்களில் ஒருவர் தெ லா ஃபோன்தேன். பாவசங்கீர்த்தனம், குரு விதிக்கும் அபராதம், தவக்கால ஒறுத்தல், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கான செபம் ஆகிய யாவும் தற்காலிகத் தண்டனை என்னும் அந்தக் கருத்தோடு பிணைந்தவை. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் பாரிஸ் அந்நிய வேதபோதக சபை இந்த மிஷனை ஏற்றுக்கொண்டது.

கால்வின் மரபைச் சார்ந்த அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஆற்காடு மிஷன் இரண்டாவது. மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடரின் மகன்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் 1853இல் அதை அமைத்தனர். அன்று வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூர் அதன் முக்கிய நிலையங்களில் ஒன்று. பலமநேரும் மதனப்பள்ளியும் பின்னர் சேர்ந்தன. இச்சபையின் அடிப்படை நூல்களில் ஒன்றான 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடை, மழை, வறட்சி, நோய், வறுமை எதுவும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்தே வருகிறது என்று போதிக்கிறது. ஏரித் தண்ணீரையும் பருவமழையையும் நம்பிப் பயிரிடும் பூமியில் இது சாதாரணப் போதனை அன்று. 1876–78 பெரும்பஞ்சம் அதைக் கடுமையாகச் சோதித்தது. பட்டினியால் மடிந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அவர்கள் பிறரைவிடப் பெரிய பாவிகள் என்று எந்த நேர்மையான போதகரும் சொல்லியிருக்க முடியாது. பஞ்ச காலத்திலும் அதையடுத்தும் கஞ்சியும் வேலையும் தேடி வந்தவர்களால் சபைகள் பெருகின.

சீர்திருத்த மரபில் சிட்சைக்குச் சபை வடிவமும் உண்டு. சுவிசேஷப் பிரசங்கம், திருமுழுக்கும் இராப்போஜனமும், சபை ஒழுங்கு ஆகிய மூன்றும் மெய்ச்சபையின் அடையாளங்கள் என்கிறது 1561இன் பெல்ஜிக் அறிக்கை. தவறியவரை மூப்பர்கள் அழைத்துக் கண்டிப்பார்கள். திருந்தாவிட்டால் இராப்போஜனத்திலிருந்து விலக்குவார்கள். மனந்திரும்பினால் மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள். கிராமத்தார் கூட்டமாகச் சபையில் சேரும்போது விக்கிரக வழிபாட்டை விடுதல், ஓய்வுநாள் ஆசரித்தல், செத்த மாட்டின் இறைச்சி உண்ணாமை ஆகியவற்றுக்கு ஒப்புக்கொள்ளும்படி ஆற்காடு மிஷன் கேட்டது. மூன்றாவது நிபந்தனையை இன்று படிக்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. அந்த இறைச்சியை ஒடுக்கப்பட்ட சேரி மக்கள்மேல் சுமத்தியது சாதியும் பசியும். அடக்கியவர்களின் கொடுமையை விட்டுவிட்டு அடங்கியவர்களின் தட்டைத் திருத்தத் தொடங்கும் ஒழுங்கு, பாவத்தைப் பாதி அளவே காண்கிறது. அதே நிபந்தனை அம்மக்களுக்குத் தன்மதிப்பின் முதற்படியாகவும் அமைந்தது என்பதும் உண்மை.

மூன்றாவது விடை லுத்தரன் மரபினுடையது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த ஆகஸ்ட் மிலியஸ் 1865இல் வேலையைத் தொடங்கினார். காளஹஸ்தி, புத்தூர், திருப்பதி ஆகிய ஊர்களுக்கும் அது பரவியது. லுத்தரின் பார்வையில் தண்டித்தல் கடவுளின் அந்நிய வேலை. இரங்குதலே அவருடைய சொந்த வேலை. நியாயப்பிரமாணத்தால் மனிதனை நொறுக்குவது சுவிசேஷத்தால் அவனைத் தூக்கி நிறுத்துவதற்காகவே. முன்னதோடு நிறுத்திக்கொள்ளும் பிரசங்கம் அரைகுறையானது என்பது அந்த மரபின் உறுதியான நிலை.

இம்மூன்று விடைகளும் வெறும் நிலத்தில் விழவில்லை. பெற்றோர் சொற்கேளாத பிள்ளையை அதட்டி, வளாரால் அடிப்பதும் அன்பே, இறைவனின் சினமும் அத்தகையதே என்று 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எழுதியிருந்தார். சைவர் இதை மறக்கருணை என்பர். திருமலை அடிவாரத்து வைணவரோ, தண்டிக்க உரிமையுள்ள பெருமாளிடம் பிராட்டி பரிந்துரைத்துக் குற்றம் பொறுப்பிக்கிறாள் என்று பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்தில் கற்றவர்கள். அடிக்கும் கை அன்பின் கை என்பதை இந்த மண் மிஷனரிகளிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. உண்மையான வேறுபாடு வினைப்பயனிலும் சிலுவையிலும் இருந்தது.

அந்த வேறுபாட்டைக் கூர்மையாக எழுதியவர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். 1909இல் வெளிவந்த ‘கர்மமும் மீட்பும்’ என்னும் நூலில் அவர், கர்மக் கொள்கை உலகை நீதிமன்றமாகக் காண்கிறது, கிறிஸ்தவமோ குற்றமற்றவரும் பிறருக்காகத் துன்பம் ஏற்கக்கூடிய அற உலகைக் காண்கிறது என்று வாதிட்டார். அவருடைய மாணவர்களில் ஒருவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1896 முதல் 1900 வரை திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி, அடுத்து வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் ஹாக்கின் வகுப்பு என்று இந்த வட்டாரத்தின் புராட்டஸ்டண்ட் மரபுகள் இரண்டையும் கடந்து வந்தவர் அவர். மிஷனரிகளின் விமர்சனம் தம்மை உலுக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். கர்மம் விதிவாதம் அன்று, மனித விருப்பத்துக்கு அதில் இடமுண்டு என்பதை வாழ்நாள் முழுவதும் நிலைநாட்ட முயன்றார்.

நடைமுறையில் இக்கோட்பாடு அதிகம் காயப்படுத்திய இடம் நோயாளியின் கட்டில். பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுத்ததாக யோவான் எழுதுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்தவர்களைப் பற்றி லூக்காவில் அவர் சொன்னதும் இதே திசையில்தான். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடி நிறுவி, 1915இல் டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட்-மொல்லரின் தலைமையில் நோயாளிகளை ஏற்ற காசநோய் மருத்துவமனை இந்த மறுப்பைச் செயலில் காட்டியது. அங்கே இருமலோடு வந்தவரிடம் பாவ அறிக்கை கேட்கவில்லை. படுக்கையும் நல்ல காற்றும் சத்தான உணவும் கொடுத்தார்கள். இன்று நோய்க்கும் கடனுக்கும் காரணமான பாவத்தைத் தாமே கண்டுபிடித்துச் சொல்லும் பிரசங்கிகள் எபிரெயர் நிருபத்தைத் தலைகீழாக வாசிக்கிறார்கள். துன்பப்படுகிறவர் தம் துன்பத்தைச் சிட்சை என்று தாமே ஏற்கலாம். அடுத்தவர் அதை அவர்மேல் தீர்ப்பாகச் சுமத்த வேதத்தில் அனுமதி இல்லை.

ஆற்காடு மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. ஹெர்மன்ஸ்பர்க் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு, உலக லுத்தரன் சம்மேளனத்தில் அங்கம் வகிக்கிறது. அந்தச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையால் மட்டுமே என்று ஒப்புக்கொண்டது. மன்னிப்புக்குப் பின்னும் நிற்கும் தற்காலிகத் தண்டனை, உத்தரிக்கிற ஸ்தலம் ஆகியவை பற்றிய வேறுபாட்டை அது தீர்க்கவில்லை.