இரவுக் குரலும் காந்தக் கவசமும்: நொக்ஸின் கண்டிச் சாட்சியம் பற்றி ஒரு மறுவாசிப்பு

மின்னலைகள் வழியே தம் மனத்துள் யாரோ குரலையும் எண்ணத்தையும் செலுத்துவதாக ஐயுறுவோர், தொப்பியின் உட்புறத்தில் காந்தத் துண்டுகளைத் தைத்துக்கொள்வதும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்த வளையத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதும் உலகின் பல பகுதிகளில் காணப்படுவதே. இவ்வீட்டுக் கவசங்களைத் தாயத்தின் மறுபிறவியாகவும், ஐயத்துக்குரிய இயந்திரத்தைப் பேயின் புதிய வேடமாகவும் கொள்ளும் ஆய்வுப் போக்கு ஒன்று உண்டு. பேய் போய் இயந்திரம் வந்தது, மந்திரத் தகடு போய் காந்தம் வந்தது, அச்சம் மட்டும் மாறவில்லை என்பது அதன் சாரம். கண்டியைப் பொறுத்தவரை இப்போக்குக்கு மிகத் தொன்மையான ஆதாரமாகத் தோன்றக்கூடியது றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், இரவில் கேட்கும் பேய்க் குரலைப் பற்றி எழுதிய பகுதியாகும். அப்பகுதியை முழுமையாக வாசித்தால் அது இக்கருத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பது என் துணிபு.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த நொக்ஸ், நாய் குரைப்பதைப் போன்ற கூரிய குரலொன்றைத் தாமே பலமுறை கேட்டதாக எழுதுகிறார். அதைப் பேயின் குரலென்று கொள்வதற்கு அவர் காட்டும் காரணங்கள் கவனத்துக்குரியவை: அவ்வாறு கத்தும் விலங்கு எதையும் ஊரார் அறியார், பறவை பறக்கும் வேகத்தையும் விஞ்சி அக்குரல் இடம் மாறுகிறது, அதைக் கேட்ட நாய்கள் நடுங்குகின்றன. மலைநாட்டில் மட்டுமே அது கேட்கிறதென்றும், தாழ்நிலத்தில் இல்லையென்றும் எல்லை வகுக்கிறார். அக்குரல் ஆந்தையினுடையதா, வேறு பறவையினுடையதா என்ற பழைய விவாதம் இங்கு நமக்குத் தேவையில்லை. சான்றின் அமைப்பே முக்கியம். நொக்ஸும் கேட்டார், அயலாரும் கேட்டனர், நாயும் கேட்டது. கேட்டவர் எவரும் தம் செவியை ஐயுற வேண்டிய நிலை அங்கே எழவில்லை. மின்னலைத் தாக்குதலை ஐயுறுபவரின் துயரம் இதற்கு நேர்மாறானது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்காத குரலே அவரை வருத்துகிறது.

இதே பகுதியிலுள்ள இன்னொரு குறிப்புத்தான் தவறான வாசிப்புக்கு அதிக இடம் தருவது. அக்குரல் எழுவதற்குச் சற்று முன்போ பின்போ அரசன் மக்களைக் கொல்விப்பது வழக்கம் என்று ஊரார் கண்டறிந்திருந்ததாக நொக்ஸ் குறிக்கிறார். இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சியில் உயிருக்கு உறுதியில்லாத மக்கள், அரசதிகாரம் தம் செவிக்குள் நுழைவதாக உணர்ந்தனர் என்று இதற்குப் பொருள் கூறலாம். அரசு குரலை அனுப்புகிறது என்ற இன்றைய ஐயத்துக்கு அதுவே மூலம் என்றும் வாதிடலாம். ஆனால் ‘முன்போ பின்போ’ என்னும் கால வரிசை அதற்கு இடந்தராது. கொலைக்குப் பின்னரும் ஒலிக்கக்கூடிய குரல் கொலைக்குக் கருவியாக முடியாது. அது கொலையின் அறிகுறி. மேலும், அக்குரல் எவருடைய எண்ணத்தையும் மாற்றியதாகவோ எவரையும் ஏவியதாகவோ இப்பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. மனத்தை ஆட்டுவிக்கும் கருவி என்ற கருத்தே இங்கில்லாதபோது, அதற்கான கவசத்தின் முன்னோடியை இங்கே தேடுவது வீண்.

மக்கள் தம்மைக் காத்துக்கொண்ட முறை இதனினும் தெளிவானது. குரல் வீட்டை நெருங்கினால் உரக்க வைவார்கள். மாட்டிறைச்சி தின்னும் அடிமையென இழிப்பார்கள். மூக்கை அறுப்போமென மிரட்டுவார்கள். உடனே குரல் சற்று ஓய்ந்து, பின் தொலைவில் கேட்கும் என்கிறார் நொக்ஸ். ஆகவே இங்கு காப்பு என்பது எதிரியை நோக்கிய பேச்சு; வீட்டாரும் அயலாரும் கேட்கும் பேச்சு. கண்டிச் சுற்றுவட்டாரத்தின் பிற்காலக் காப்பு முறைகளும் இந்த இயல்பை இழக்கவில்லை. பேயோட்டும் தொவில் சடங்குக்கு ஆடுபவரும் பறை முழக்குபவரும் இரவெல்லாம் கூடியிருக்கும் உறவினரும் வேண்டும். தோட்டத்து லயத்தில் கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்வதும், நூல் மந்திரித்துக் கட்டுவதும் பலர் நடுவே நிகழ்பவை. தாயத்தையும் ஒருவர் தமக்குத் தாமே கட்டிக்கொள்வதில்லை. அதை எழுதி அடைத்துத் தருபவர் ஒருவர் இருக்கிறார். அது பலிக்காவிட்டால் நோயாளி மறுபடியும் ஒரு மனிதரிடமே போகிறார்.

காந்தக் கவசமோ தனியொருவரின் கைவேலை. அது எவரையும் விளிப்பதில்லை. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1810இல் ஜோன் ஹஸ்லம், இலண்டனின் பெத்லம் மனநல மருத்துவமனையிலிருந்த ஜேம்ஸ் டில்லி மத்தியூஸ் என்பாரைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கும்பல் காந்தப் பாய்மத்தை அவருள் செலுத்தி, ‘காற்றுத் தறி’ என்னும் பொறியால் அவரை ஆட்டுவிப்பதாக அவர் நம்பியமை பதிவாகியுள்ளது. அங்கே காந்தம் ஆயுதம். இன்று அதுவே கேடயம். காலத்தின் தொழில்நுட்பம் இந்த ஐயங்களுக்கு வடிவம் தருவதை 1919இல் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க் சுட்டிக்காட்டினார். காந்தக் கவசம் பௌதிகத்தின் மொழியில் முன்வைக்கப்படும் கூற்று. எனவே பௌதிகமே அதற்கு மறுமொழி சொல்ல வேண்டும். நிலைக்காந்தம் வானொலி அலையைத் தடுப்பதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் இதற்குத் தக்க சான்று: 1.5 டெஸ்லா வலுவுள்ள காந்தப்புலத்தின் நடுவே படுத்திருப்பவரின் உடலுக்குள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நுழைந்து, அங்கிருந்து வரும் சமிக்ஞைகளே படமாகின்றன. வீட்டுக் காந்தத்தின் புலம் அதை நோக்க மிக நலிந்தது. சற்று விலகினாலே வேகமாகக் குறைந்துவிடும்.

சில மறுப்புகள் எழலாம். பெரைட் வளையங்கள் உயர் அதிர்வெண் இரைச்சலை விழுங்குவது உண்மை. ஆனால் அது மின்வடத்தைச் சூழ்ந்த பொருளின் தன்மை, காந்தத் துண்டின் ஆற்றலன்று. 1953இல் அமெரிக்க உளவு நிறுவனம் தொடங்கிய எம்கே அல்ட்ரா திட்டம், அரசுகள் மனத்தில் கைவைக்க முயன்றதைக் காட்டுகிறதே எனின், அது மெய்யே. ஆயினும் அதன் முதன்மைக் கருவி போதை மருந்து. துடிப்பு நுண்ணலைகள் தலைக்குள் ஒலியாகக் கேட்பதை 1960களின் தொடக்கத்தில் ஆய்வாளர் அலன் பிரே காட்டினார்; அவ்வலைகளையும் காந்தம் தடுக்காது. காந்தம் வைத்தபின் குரல் தணிந்தது என்ற அனுபவத்தை நான் பொய்யென்று தள்ளவில்லை. வைதபின் குரல் அகன்றதைக் கண்டியாரும் கண்டனர்; நொக்ஸும் குறித்தார். இரு தரப்பாரும் விளைவைக் கண்டே நியாயம் கொள்கின்றனர். அவர்களிடையே உண்மையான தொடர்ச்சி இந்த நியாயமுறையில் உள்ளது. பேயிலோ தாயத்திலோ இல்லை.

தாயத்துக்கும் காந்தக் கவசத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காந்தத்தைத் தாயத்தென்று கொண்டால், அதை வைத்திருப்பவருக்கு மரபின் ஆதரவு ஏற்கெனவே உண்டென்ற தவறான ஆறுதல் ஆய்வாளருக்கும் மருத்துவருக்கும் கிடைத்துவிடுகிறது. உண்மையில் அவர் இழந்திருப்பது அந்த ஆதரவையே. ஆகவே பேராதனையிலோ வேறெங்கிலோ இத்தகையவரைச் சந்திக்கும் மருத்துவர், கவசத்தை மூடநம்பிக்கையென்று ஒதுக்கவோ மரபென்று போற்றவோ வேண்டியதில்லை. அது எதைத் தடுக்கச் செய்யப்பட்டது, எப்போது உதவியது, எப்போது உதவவில்லை என்று கேட்பதே முதற்பணி. சான்றைக் கொண்டு சிந்திக்கும் ஒருவரோடு சான்றைக் கொண்டே பேச முடியும். அப்படிப் பேசத் தொடங்கும்போதுதான் அவருடைய காப்பில் இன்னொரு மனிதருக்கு மீண்டும் இடம் உண்டாகிறது.