விசைக்கு வேலை சொன்னவர்கள்

எந்த விசையை அழுத்தினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யலாம். இன்று பல எடிட்டர்களில் கிடைக்கிற இந்த உரிமை, 1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேர்விட்டது.

அங்கே புழங்கிய எடிட்டர் டெக்கோ. துளையிட்ட காகித நாடாவில் இருக்கும் நிரல்களைத் திருத்த டான் மர்ஃபி 1962இல் எழுதியது. அதில் எழுத்தைத் தட்டினால் எழுத்து விழாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ஐந்து வரி கீழே இறங்க '5எல்', மூன்று எழுத்தை அழிக்க '3டி' (3D) என்று கோத்து அடித்து, எஸ்கேப்பை இருமுறை தட்டிய பிறகுதான் வேலை நடக்கும். தங்கள் பெயரையே கட்டளையாக அடித்து, கோப்பு என்ன கதி ஆகிறது என்று பார்ப்பது அந்நாளைய நிரலாளர்களின் விளையாட்டு.

தட்டத் தட்டத் திரையிலேயே மாற்றம் தெரியும்படி 'கண்ட்ரோல்-ஆர்' முறையை ஆய்வக நிரலாளர் கார்ல் மிக்கல்சன் சேர்த்தார். அதே ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் செய்ததுதான் பெரிய காரியம். எந்த விசையோடும் ஒரு டெக்கோ நிரலை இணைத்துக்கொள்ள வழி செய்தார். உடனே ஆளுக்கொரு தொகுப்பு முளைத்தது. ஒருவர் பழகிய விசைகள் பக்கத்து இருக்கைக்காரருக்குப் புரியவில்லை. 1976இல் கை ஸ்டீல் அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார், ஸ்டால்மன் முடித்தார். அதுதான் ஈமாக்ஸ். எல்லாருக்கும் பொதுவான விசைகளை வைத்தார்கள், மாற்றும் உரிமையை மட்டும் பறிக்கவில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான் என்பேன்.

1984இல் ஸ்டால்மன் அதைக் குனு ஈமாக்ஸாகப் புதிதாக எழுதத் தொடங்கினார். 2003இல் ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளையும் வேலைப் பட்டியலையும் சமாளிக்க அதன்மேல் ஆர்க் மோடை உருவாக்கினார். அதில் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-என் அடித்தால் அடுத்த தலைப்பு. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டி (T) அடித்தால் 'செய்ய வேண்டியது' என்ற குறி 'முடிந்தது' என்று மாறும். நாள் முழுக்க இதைச் செய்கிறவர்களின் விரல்களுக்கு அதுவும் பாரம்தான். அதற்கும் வழி உண்டு. 'ஆர்க்-யூஸ்-ஸ்பீட்-கமாண்ட்ஸ்' அமைப்பை இயக்கிவிட்டு, தலைப்பு வரியின் தொடக்கத்தில் கர்சரை வையுங்கள். வெறும் 'என்' அடுத்த தலைப்புக்கும் 'பி' (p) முந்தைய தலைப்புக்கும் கொண்டுபோகும். 'டி' (t) வேலையின் நிலையை மாற்றும். உங்களுக்குத் தோதான எழுத்தையும் அந்தப் பட்டியலில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். இன்றே சேர்த்துப் பாருங்கள்.